பட்டாணிப் பூ

பல்லுக்காரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள், அவளைத் தெரிந்தவர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூக்குக்கு மேல் இருந்தால் அது இறங்கி வாய்க்கு வர ஒரு நொடியாவது ஆகும் அல்லவா? இவளுக்கு நாக்கு நுனியிலேயே குடியிருந்தது. பேசி முடித்த பிறகுதான் என்ன பேசினோம் என்று யோசிப்பாள். யோசித்த பிறகும், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வெட்கப்பட்டு, அதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வாள். அப்படி ஒரு பிறவி.

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், வண்டி நிறுத்துகிற இடத்தை ஒட்டி இருந்த சின்ன அறையில் அவளுக்கு வேலை. டாக்டர் எடுத்துக் கொடுக்கிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவாள். மெழுகில் ஈறு செய்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பல்செட் கட்டுவாள். மேசை முழுக்க வெள்ளைத் தூள். ஜன்னல் ஓரத்தில் யார் யாருடைய தாடையோ வாயைத் திறந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் அடிக்கடி சொல்வார்: "ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது உன் புண்ணியத்துலதான். வீட்டுக்குள்ள மட்டும் ஏன்மா ஒருத்தரும் பல்லைக் காட்ட முடியல?" அவருக்குத் தைரியம் அவ்வளவுதான். சொல்லிவிட்டு உடனே குளியலறைக்குள் போய்விடுவார்.

பிள்ளை இல்லாத வீடு. அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. துணி காயப்போடும் கொடிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு மண் இருந்தது. பல்லுக்காரம்மாவின் மிச்ச நேரமெல்லாம் அங்கேதான். அதில் அவள் வளர்த்தது ஒரே ஒரு ஜாதிப் பூ. நர்சரிச் சீட்டில் எக்கினேசியா என்று போட்டிருக்கும். வீட்டில் கூம்புப்பூ என்றுதான் பேர். நடுவில் முள்ளம்பன்றி முதுகு மாதிரி ஒரு கூம்பு நிமிர்ந்து நிற்கும்; இதழ்கள் அதைச் சுற்றிக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்.

முதலில் வந்தது சாதாரண ஊதா. நர்சரிக்காரர் செத்துவிட்டது என்று ஒதுக்கி வைத்திருந்த தொட்டியை இவள் வீட்டுக்குத் தூக்கி வந்து பிழைக்க வைத்தாள். அப்புறம் பித்துப் பிடித்துக்கொண்டது. வெள்ளையிலேயே எத்தனையோ வாங்கினாள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான், ஆனால் பல்லில் வெள்ளைக்கே அத்தனை நிறம் பார்க்கிற கண் இவளுடையது, சும்மாவா? ஆரஞ்சு ஒன்று வாங்கினாள்; கண்ணைப் பறிக்கும், ஆனால் ஒரு குளிர்காலம் தாங்காது, செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை மாதிரி. மஞ்சள் எதற்கும் அசையாது. இதழெல்லாம் நூல் நூலாகத் தொங்குகிற வெளிர் ரகமும் இருந்தது. கூம்பின் தலையிலேயே இன்னொரு பூ ஏறி உட்கார்ந்த மாதிரி ஓர் அடுக்கு ரகம், அதைப் பார்த்துத்தான் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நிற்பார்கள்.

கூம்புப்பூவில் ஒரு சங்கதி. விதையை நம்ப முடியாது. தேனீ எதைத் தொட்டுவிட்டு எதில் வந்து உட்கார்ந்ததோ, வெள்ளையின் விதையில் அழுக்கு ரோஸ் வந்து நிற்கும். அதே ரகம் வேண்டுமென்றால் தூரைத் தோண்டி, பிரித்து நட வேண்டும். இது தெரிந்தும் பல்லுக்காரம்மா வருஷா வருஷம் விதை எடுத்து மதில் ஓரமாக ஒரு பாத்தியில் போடுவாள். உலகத்தில் யாரிடமும் இல்லாத ஒரு ரகம் தன் வீட்டில் பிறக்கும் என்று அவளுக்கு ஓர் ஆசை. புருஷன் அதற்கு லாட்டரிப் பாத்தி என்று பேர் வைத்திருந்தார்.

இப்போது தங்கச்சி கதைக்கு வருகிறேன்.

தங்கச்சிக்குச் சின்ன வயதில் பட்டாணி என்று பேர். உருண்டையான குழந்தை, எங்கே விட்டாலும் உருண்டு ஓடிவிடும். அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். பெரியவளாகி மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, ஒரு மகளைப் பெற்றாள். அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், கிளினிக்கில் ஓர் அம்மாள் பல்செட் அளவுக்கு வந்து உட்கார்ந்தாள். வாயில் மெழுகு இருந்ததால் அந்த அம்மாள் பேசவில்லை. நம்ம பல்லுக்காரம்மா அவளுக்கும் சேர்த்துப் பேசினாள். தங்கச்சி மகளுக்கு இடம் பார்ப்பதைச் சொன்னாள். முன்னால் ஒரு தடவை நிச்சயம் வரைக்கும் வந்து நின்றுபோனதையும் சொன்னாள். வந்தவள் மாப்பிள்ளையின் சொந்த அத்தை. எப்படித் தெரியும், நெற்றியிலா எழுதி ஒட்டியிருந்தது? சம்பந்தம் முறிந்தது.

தங்கச்சி போன் போட்டாள். அழுதுகொண்டே கேட்டாள். "வேணும்னேதானே சொன்னே? உனக்குன்னு ஒரு பொண்ணு இல்ல, என் பொண்ணு நல்லா இருந்தா உனக்குப் பொறுக்கல, அதானே?"

அந்த ஒரு வார்த்தை போதுமே. பல்லுக்காரம்மாவுக்குத் தலைக்கேறிவிட்டது. "ஆமாடி, வேணும்னேதான் சொன்னேன். இப்ப என்ன பண்ணப் போறே?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். வைத்த கையோடு அழுதாள். திரும்பப் போட்டுச் சொல்லியிருக்கலாம். எப்படிப் போடுவாள்? 'நீ முதல்ல போடு' என்று அவள் இருந்தாள். 'நீ முதல்ல போடு' என்று இவள் இருந்தாள். ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று ஆகிப்போனது. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் நல்ல இடமே அமைந்தது. கல்யாணத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள் பெரியம்மாக்காரி.

இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெண் மட்டும் பெரியம்மாவை விடவில்லை. அவ்வப்போது வருவாள். போகும்போது ஒரு தூரை எடுத்துக்கொண்டு போய், நர்சரியில் வாங்கியது என்று பொய் சொல்லி அம்மா வீட்டில் நட்டுவிடுவாள். அம்மாவுக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி இருந்தாள். இப்படியே பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டிலும் ஒரே பூ பூத்தது.

பிறகு தங்கச்சி புருஷனுக்கு ஓர் ஆபரேஷன். பல்லுக்காரம்மா பிளாஸ்க்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்து டீயைக் குடித்தாள். "சர்க்கரை கம்மி," என்றாள். சமாதானம் அவ்வளவுதான். பழசை இரண்டு பேரும் தொடவில்லை. பூவைப் பற்றி மட்டும் பேசினார்கள், சமையலைப் பற்றிப் பேசினார்கள், அந்த விஷயத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே ஒதுங்கிப் போனார்கள்.

அந்த வருஷம்தான் லாட்டரிப் பாத்தியில் பரிசு விழுந்தது. கூம்பின் தலையிலிருந்து பச்சைப் பச்சையாகக் குட்டி மொட்டுகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பியிருந்தன. இதழும் பச்சை. பல்லுக்காரம்மா போட்ட சத்தத்தில் புருஷன் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார். "நம்ம வீட்டுல பொறந்த ரகம்ங்க! பச்சையில யாரு பாத்திருக்கா? யாரு பாத்திருக்கான்னு கேக்குறேன்!" என்று குதித்தாள். அவருக்கு அது ஏதோ பூசணம் பிடித்த மாதிரி இருந்தது; வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா?

அந்தப் பூவுக்குப் பட்டாணி என்று பேர் வைத்தாள். பருவம் முடிந்ததும் தூரைத் தோண்டி, பாதியைப் பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றி, தங்கச்சி வீட்டுக்குத் தானே எடுத்துக்கொண்டு போனாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது. இது வந்தது. "உன் பேருதான் வெச்சிருக்கேன். உலகத்துலயே ரெண்டே வீட்டுலதான் இருக்கு," என்றாள். தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, "இன்னும் உருண்டையாத்தான் தெரியுறேனா உனக்கு?" என்று சிரித்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது பல்லுக்காரம்மாவுக்குப் பறக்கிற மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் பூக்கிற காலம் வந்தது. முதலில் அடுக்கு ரகத்தில் ஒரு பூ பச்சையாக வந்தது. அப்புறம் வெள்ளையில். "ஐயோ, எல்லாம் பட்டாணியா மாறுதுங்க!" என்று சந்தோஷப்பட்டாளே பாவி மகள், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. எதற்கும் அசையாத மஞ்சளின் இலை வெளுத்து, தண்டெல்லாம் குச்சி குச்சியாகக் கிளம்பியபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பூவைக் கிள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனாள்.

நர்சரிக்காரர் டப்பாவைத் திறந்தார். அதே வேகத்தில் மூடினார்.

"அக்கா, இதைக் கடைக்குள்ள ஏன் கொண்டு வந்தீங்க? வெளிய வாங்க. வெளிய வாங்க முதல்ல."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளைத் தெரு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அவர் இவ்வளவு பதறி அவள் பார்த்ததில்லை.

"இது ரகம் இல்லக்கா. சீக்கு. தத்துப்பூச்சின்னு குட்டியா ஒண்ணு, இலைக்கு இலை தாவும். சீக்குச் செடியில உறிஞ்சுட்டு நல்ல செடியில போய் உக்காரும், அவ்வளவுதான். பச்சையா பூ வந்துடுச்சுன்னா அது முடிஞ்ச செடி."

"மருந்து அடிச்சா?"

"மருந்தே கிடையாது. வேரோட புடுங்கிப் பையில கட்டி வெளியேத்தணும். அது நிக்குற ஒவ்வொரு நாளும் பக்கத்துல இருக்குறதுக்குக் கேடு." டப்பாவை அவளிடம் நீட்டினார். "யாருக்காவது இதுல தூர் குடுத்தீங்களா?"

"இல்லையே," என்றாள் பல்லுக்காரம்மா.

ஏன் அப்படிச் சொன்னாள்? அவளுக்கே தெரியவில்லை. நாக்குதான் முந்திக்கொண்டது, வழக்கம் போல.

வீட்டுக்கு வந்து பையை வைக்காமல் நேராகப் பின்பக்கம் போனாள். பட்டாணியைப் பிடுங்கினாள். அடுக்கைப் பிடுங்கினாள். வெள்ளை, ஊதா, நூல் இதழ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சந்தேகத்தில் எல்லாவற்றையும் பிடுங்கினாள். மஞ்சளின் வேர் ஆழமாகப் போயிருந்தது. மண்வெட்டியால் வெட்டி எடுக்கும்போது வாய்விட்டு அழுதாள். புருஷன் கறுப்புப் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பைகளைக் கட்டி முடித்ததும் மெதுவாகச் சொன்னார், "தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுடு."

"போட்டு? என்னன்னு சொல்லுவேன்? உன் பேரை வெச்சு உனக்குச் சீக்கு குடுத்தேன், உன் தோட்டமே போகப்போகுதுன்னு சொல்லட்டுமா?"

"தெரியாமத்தானே குடுத்தே?"

"அதைத்தாங்க அவ நம்பமாட்டா! அந்தத் தடவையும் தெரியாமத்தான் நடந்துச்சு. நம்பினாளா? அதுல வேற நானே ஆமான்னு சொல்லித் தொலைச்சேன். இப்ப மறுபடியும் போய், இல்லடி தெரியாமன்னு நின்னா, காறித் துப்புவா. இப்பத்தாங்க அக்கான்னு கூப்பிடுறா."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சொன்னால் தங்கச்சி போய்விடுவாள். சொல்லாவிட்டால் தங்கச்சியின் தோட்டம் போய்விடும், ஏன் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். போனை எடுப்பாள், வைப்பாள். ஒரு தரம் துணிந்து போட்டே விட்டாள். "பட்டாணி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "இருக்கு," என்றாள் தங்கச்சி. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்க்கா," என்று தங்கச்சி வைத்துவிட்டாள். இவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததை நினைத்து அவமானமாகவும் இருந்தது. கிளினிக்கில் ஒரு பெரியவருக்கு இரண்டு பக்கமும் இடதுபக்கப் பல்லையே நட்டு வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் போன் செய்தாள், தங்கச்சி மகள். புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாள், கைக்குழந்தைக்காரி.

"பெரியம்மா, எங்க வீட்டுக்கு முன்னாடி நல்ல மண்ணு இருக்கு. சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய் எல்லாத்துலயும் ஒரு ஒரு தூர் எடுக்கப் போறேன். முதல்ல பட்டாணிதான்."

பல்லுக்காரம்மா அவசரமாகத் தடுத்தாள். "அது... அது இப்ப எடுக்கக்கூடாதும்மா. பூக்குற நேரம்."

"அம்மாவும் அதையேதான் சொல்றாங்க! மத்ததுல எது வேணா எடுத்துக்கோ, அதைத் தொடாதேன்றாங்க. கிட்டவே விட மாட்டேங்குறாங்க. பெரிய இது மாதிரி. நான் கேக்கப் போறதில்ல, அவங்க கடைக்குப் போற நேரமா பாத்துப் புடுங்கிட்டு வந்துடுவேன்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். பல்லுக்காரம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். தங்கச்சி அந்தச் செடியை மகளுக்குக்கூடத் தரமாட்டேன் என்கிறாளாம். அவ்வளவு உசத்தியாக வைத்திருக்கிறாளாம். எந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இவள் ஒரு தடவை மண்ணைப் போட்டாளோ, அதே பெண்ணின் புது வீட்டுக்கு இந்தச் சீக்கு போகப்போகிறது.

சனிக்கிழமை காலையில் புருஷனை எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னாள். போகிற வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தாள். நல்ல பொய்தான், ஓட்டையில்லாத பொய். என்னுடைய பட்டாணி செத்துப்போயிற்று, உன்னுடையதை முழுசாகத் தோண்டிக் கொடு, நான் வளர்த்துப் பிரித்து உனக்கு ஒரு பங்கு கொண்டு வந்து தருகிறேன். எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து அதுவும் செத்துப்போயிற்று என்று சொல்லிவிடலாம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"பொய்யா இருக்கு," என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"வண்டியைப் பாத்து ஓட்டுங்க!" என்று எரிந்து விழுந்தாள். வண்டி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தங்கச்சி வீட்டு வாசலில் அந்தப் பெண் இன்னும் வந்திருக்கவில்லை. நல்லவேளை. தங்கச்சி கதவைத் திறந்தாள், வேலைக்குப் போகிற புடவையில் இருந்தாள். அக்காவையும் அக்கா கையிலிருந்த மண்வெட்டியையும் பார்த்தாள். "என்னக்கா, சொல்லாம கொள்ளாம?" என்று மட்டும் கேட்டாள். அக்கா புருஷன் டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று ஏதோ சொல்லி வண்டிப் பக்கமே தங்கிவிட்டார்.

வீட்டின் பக்கவாட்டில் நீளமான பாத்தி. ஊதா, வெள்ளை, அடுக்கு, நூல் இதழ் எல்லாம் பூத்துத் தளதளவென்று நின்றன. அத்தனையும் பல்லுக்காரம்மாவின் தோட்டத்திலிருந்து திருட்டுத்தனமாக வந்தவை. இப்போது அவளிடமே இல்லாதவை. நடுவில் பட்டாணி. அதன் மேல் ஒரு கொசுவலை கவிழ்த்திருந்தது. குழந்தையைத் தூங்கவைத்து மேலே கவிழ்ப்பார்களே, குடை மாதிரி விரியுமே, அந்த வலை. பேரப்பிள்ளையுடையதாக இருக்கும். ஓரம் முழுக்கச் செங்கல் அடுக்கி, இடுக்கில் மண் அணைத்திருந்தது.

தூசுபடாமல் அல்லவா வளர்க்கிறாள், பச்சைப்பிள்ளை மாதிரி! இதை எப்படி எடுக்கச் சொல்வது?

ஆனாலும் சொன்னாள். தயார் செய்த பொய்யை வரி பிசகாமல் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல் செங்கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

"சரி. எடுத்துக்கோ," என்றாள் தங்கச்சி.

அவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம்? பல்லுக்காரம்மா மடமடவென்று உட்கார்ந்து செங்கலை விலக்க ஆரம்பித்தாள். ஒரு இழுப்பு, ஒரு பை, வண்டி. முடிந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது. வலைக்கு வெளியே, பக்கத்தில் நின்ற வெள்ளையில் ஓர் இலை வெளுத்திருந்தது. தண்ணீர் அதிகமானாலும் இலை வெளுக்கும். அதுவாகக்கூட இருக்கலாம். அது இல்லை என்றால்? இவள் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். தங்கச்சி இந்த வெள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். இதில் பச்சையாக ஒரு பூ வந்தால், அக்கா கொடுத்த ரகம் என்று சந்தோஷப்படுவாள், தான் சந்தோஷப்பட்ட மாதிரியே. மகளுக்கும் கொடுப்பாள்.

கை நின்றுவிட்டது.

"பட்டாணி," என்று கூப்பிட்டாள். அந்தப் பேர் சொல்லி நேராகக் கூப்பிட்டு எத்தனையோ காலம். "அது ரகம் இல்லடி. சீக்கு. என் தோட்டம் முழுக்கப் போயிடுச்சு. மருந்து கிடையாது. இந்த வெள்ளையையும் பாக்கணும், எல்லாத்தையும் பாக்கணும். உன் பொண்ணைத் தொட விடாதே." மூச்சு வாங்கியது. "எனக்குத் தெரியாதுடி. நீ நம்பமாட்டே. ஆனா தெரியாது."

எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். திட்டட்டும், கத்தட்டும், வெளியே போ என்று சொல்லட்டும். தங்கச்சி குனிந்து வலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"சீக்குன்னு. பூ விட்டப்பவே தெரியும். போன்ல படம் புடிச்சுத் தேடினேன், இதான் வந்துச்சு. பூச்சி உள்ள வந்து வெளிய போகக் கூடாதுன்னுதான் வலை."

பல்லுக்காரம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றுமே ஓடவில்லை. அப்புறம் ஓடியது.

"அப்போ... நான் தெரிஞ்சே குடுத்தேன்னு நெனச்சியா?"

தங்கச்சி பொய் சொல்லவில்லை. "நெனச்சேன். ஒரு நாள் அப்படி நெனப்பேன். என் பேரை வேற வெச்சுக் குடுத்திருக்காளேன்னு நெஞ்சு எரியும். மறுநாள், சேச்சே, எங்கக்கா அப்படிச் செய்ய மாட்டான்னு நெனப்பேன். மாத்தி மாத்தி இதே பொழப்புதான்."

நியாயமாகப் பார்த்தால் நம்ம பல்லுக்காரம்மாவுக்கு இந்த இடத்தில் ஆங்காரம் வந்திருக்க வேண்டும். வரும் என்று அவளே பயந்தாள். வரவில்லை. அழுகைதான் வந்தது.

"ஏன்டி, ஒரு போன் போட்டு என்னைக் கேட்டிருக்கலாம்ல? கேக்க வேணாம், புடுங்கியாவது போட்டிருக்கலாம்ல? எத்தனை நாளா இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு... மத்ததெல்லாம் போயிடும்னு தெரியாதா உனக்கு?"

"புடுங்கினா, எங்கேன்னு நீ கேப்பே. ஏன்னு நான் சொல்லணும். சொன்னா, தெரிஞ்சுதான் குடுத்தியான்னு கேக்கணும்." தங்கச்சியின் குரல் உடைந்தது. "போன தடவை கேட்டேன்க்கா. நீ ஆமான்னே. இந்தத் தடவையும் கேட்டு, நீ ஆமான்னுட்டா? அதுக்கப்புறம் நான் யாரை அக்கான்னு கூப்பிடுவேன்? செடி போனா போகுதுன்னு வலையைக் கவுத்துட்டேன்."

பல்லுக்காரம்மா ஈர மண்ணில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தாள். எவ்வளவு பேசுகிற வாய் அது! நாலு பேருக்குச் சேர்த்துப் பேசும். ஒரு போனில் ஒரு நொடியில் 'ஆமா' என்று சொல்லிவிட்டு, அதை மாற்றிச் சொல்ல இத்தனை வருஷம் திறக்காமல் கிடந்த வாய்.

"இல்லடி," என்றாள். "அன்னிக்கும் இல்ல. அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்குப் பொண்ணு இல்லன்னு நீ சொன்னதும் வெறி புடிச்சிடுச்சு, ஆமான்னு கத்திட்டேன். இல்லடி. வேணும்னு செய்யலடி."

"நானும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் தங்கச்சி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேலைக்குப் போகிற புடவையோடு மண்ணில் மண்டியிட்டு, மிச்சச் செங்கல்களைத் தள்ளி, வலையை மடக்கி ஓரமாகப் போட்டாள். பட்டாணி பச்சைப் பச்சையாகக் கொத்து விட்டு நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு பேரும் அடித்தண்டில் கை போட்டார்கள். வேர் நன்றாகப் பிடித்திருந்தது. இழுத்ததில் தங்கச்சி பின்னால் சாய்ந்து விழப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுக்கா," என்றாள், தண்டை விடாமல்.

"என்னத்தடி?"

"இல்லன்னு."

பல்லுக்காரம்மா சொன்னாள்.